கடைசியாக மாற்றியவர்: நா. சென்னியப்பன்

சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி. வாய்க்குள் முணுமுணுக்கிற சத்தியம் இல்லை. இந்தப் பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறேன். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும், கரூரில் இறங்கும்போது என் செருப்பு இரண்டும் இடதுகால் செருப்பாக மாறிப் போகட்டும். போதுமா? அவ்வளவும் உண்மை. அங்கங்கே கொஞ்சம் அதிகமாகவே உண்மை.

காங்கேயத்தில் ஏறியதிலிருந்து மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை, கண் தானாகப் போனது. என்ன வேலை என்று கேட்டேன். "ஜாவாங்க" என்றீர்கள். கிழவனுக்கு இதற்குமேல் எதற்கு என்று அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டீர்கள் பாருங்கள், அங்கேதான் ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டீர்கள். அந்த ஜாவாவுக்குள் என் பெயர் இருந்திருக்கிறது, தம்பி. பதினான்கு மாதம் குடியிருந்தது. இனிஷியலோடு.

நான் நா. சென்னியப்பன். காரவலசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உதவியாளர் என்றால் என்ன வேலை என்று கேட்பீர்கள். வால்தான் வேலை. சினை ஊசிக்கு மாடு வந்தால் டாக்டர் பின்னால் நிற்பார். மாடு வாலை வீசி அவர் முகத்தில் அறையாமல், வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். முப்பத்தொரு வருடம் பிடித்தேன். ஒருமுறை ஓர் எருமை என்னை வாலோடு சேர்த்துச் சுழற்றி அடுத்த ஊர்க் கம்மங்காட்டில் போட்டது. அங்கே கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் மோர் கொடுத்து அனுப்பினார்கள். அது இந்தக் கதையில் சேராது. ஆனால் நடந்தது.

அந்த வருடம் மாவட்டத்துக்கே புதிதாக ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் மஞ்சள் வில்லை. வில்லையில் பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு: மாட்டுக்காரர் யார், நிறம் என்ன, எத்தனையாவது ஈற்று என்று. பதிவு முடிந்தால் மாட்டுக்காரர் கையில் ஓர் அட்டை அச்சாகி வரும். இதற்கான கம்ப்யூட்டர் வேலையைச் செய்ய வாணியம்பாடியிலிருந்து இர்ஃபான் என்று ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயது இருக்கும், நல்ல பையன், மாட்டைக் கண்டால் மேசைமேல் ஏறிக்கொள்வான். வெள்ளோட்டம் பார்க்க எங்கள் மருந்தகத்தைத்தான் தேர்ந்தெடுத்தான். எங்கள் டாக்டர் சுகுணா அம்மா அன்று ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டது என்று அவசரமாகக் கிளம்பிப் போயிருந்தார். மருந்தகத்தில் நானும் இர்ஃபானும் இரண்டு டம்ளர் டீயும்தான்.

"ஐயா, ஒரு விஷயம் பாருங்க" என்றான். "மாட்டைப் பத்தின விவரத்தை ஆள் போடலாம். ஆனா அந்தப் பதிவை யார் போட்டாங்க, அப்புறம் யார் திருத்துனாங்க, எத்தனை மணிக்குத் திருத்துனாங்க, இதை ஆள்கிட்ட கேட்டா பொய் சொல்லுவாங்க. அதனால ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷையில நாலு வரி எழுதி வெச்சுட்டா, அதுவே கமுக்கமா குறிச்சுக்கும். யாரும் கேக்க வேண்டாம், யாரும் சொல்ல வேண்டாம்."

"அதுக்கு எப்படீங் தெரியும், இன்னார்தான் உக்காந்திருக்கறதுன்னு?"

பையன் டீயைக் கீழே வைத்துவிட்டான். "நல்ல கேள்வி ஐயா" என்றான். முப்பத்தொரு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். உள்ளே ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். ஒவ்வொரு பதிவையும் எழுதும்போது கம்ப்யூட்டர் அந்த இடத்துக்கு வந்து, இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்குமாம். அந்த இடம் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். யார் எந்தப் பெயரில் உள்ளே நுழைகிறார்கள் என்று பார்க்கிற பக்கம் இன்னும் தயாராகவில்லை. அதனால் இப்போதைக்கு அந்த இடத்தில் ஏதாவது ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டால் வெள்ளோட்டம் நடக்கும்.

"சும்மா ஒரு பேர் சொல்லுங்க. அடுத்த வாரம் மாத்திடறேன்."

நீங்களும் இந்தத் தொழில்தானே, "அடுத்த வாரம்" என்றதும் உங்கள் உதடு சிரிக்கிறது. எனக்கு அப்போது தெரியவில்லை. டாக்டர் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் இல்லாதவர் பெயரைக் கேட்காமல் கொடுப்பது மரியாதையா? ஆகவே மரியாதையை உத்தேசித்து என் பெயரைச் சொன்னேன். "நா. அப்புறம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி முக்கியம், தம்பி" என்றேன். எழுதிக்கொண்டான்.

அடுத்த வாரம் அவனை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். உள்ளே நுழைகிற பக்கத்தை வேறு யாரோ எழுதி முடித்தார்கள். மாவட்டத்தில் நாற்பத்து மூன்று மருந்தகம். ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரில் நுழைந்து அவரவர் வேலையைச் செய்தார்கள். ஆனால் அந்தச் சின்ன இடத்தை யாரும் தொடவில்லை. மூலனூரில் ஒருவர் பதிவு போட்டாலும், ஊத்துக்குளியில் ஒருவர் திருத்தினாலும், யார் உட்கார்ந்திருப்பது என்று கம்ப்யூட்டர் வந்து கேட்கும். அந்த இடம் சலிக்காமல் சொல்லும்: நா. சென்னியப்பன்.

எனக்கு இது தெரிந்தது எப்படி என்றால், ஒருநாள் மாவட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெரியவர் பேருந்து ஏறி வந்தார். கையில் அட்டை. "சென்னியப்பங்கறது ஆருங்?" என்றார். நான்தான் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பட எருமைக்கு நீங்கதான் பதிவு போட்டிருக்கறீங். அது நல்ல கன்னு ஈனியிருக்குதுங். கைராசி." ஒரு சீப்பு கதலிப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அட்டையைப் பார்த்தேன். அடியில் இரண்டு வரி. பதிவை உருவாக்கியவர்: நா. சென்னியப்பன். கடைசியாக மாற்றியவர்: நா. சென்னியப்பன். புள்ளி இருந்தது.

அதற்குப் பிறகு பாருங்கள். போகிற இடமெல்லாம் எனக்கு நாற்காலி. பழனிக்கு நடந்து போனேன், ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் நான் ஆயிரத்து இருநூறு மாடு பதிவு செய்திருக்கிறேன். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தேன்; என் உத்தியோகத்திலேயே அதிகம் வேலை பார்த்த வாரம் அதுதான். முத்தூர்ப் பக்கம் ஒரு பூச்சிக்காளை, சினைக்கு விடுகிற பொலிகாளை, காதில் வில்லை போட யாரையும் நெருங்க விடாது. அதன் முன்னால் போய் நின்று, "சென்னியப்பன் வந்திருக்கறேன்" என்றேன். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டியது. செருப்பை ஏன் பார்க்கிறீர்கள்? இன்னும் வலதும் இடதுமாகத்தான் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு மட்டும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவருக்குத் தெரியாதா, நான் கம்ப்யூட்டர் பக்கம் போனது அதன்மேல் துணி போர்த்தத்தான் என்று? கூப்பிட்டு உட்கார வைத்தார். "சென்னியப்பன், இது ஏதோ தப்பா ஓடிட்டிருக்கு. மேல எழுதிடறேன்" என்றார்.

"எழுதுங்கம்மா" என்றேன். "எழுதறதுக்கு முன்னால ஒண்ணு சொல்றனுங். முப்பத்தொரு வருசமா மாட்டோட பின்னாடி நின்னவன். இப்பத்தான் எம்பேரு முன்னாடி வந்திருக்குது. ஓய்வுக்கு இன்னும் ஒன்பது மாசந்தான்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இளகின மனசு. அதை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மாவட்டத்தில் சிறந்த பணியாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உதவி இயக்குநர் மாசிலாமணி, கண்டிப்பான மனிதர். சிபாரிசு கூடாது, கணக்கு என்ன சொல்கிறதோ அதுதான் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினார்கள், அதிகப் பதிவு போட்டவர் யார் என்று. முதலிடம்: நா. சென்னியப்பன், அறுபத்தோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு. இரண்டாமிடம் காலி. மூன்றாமிடமும் காலி. பட்டியலில் ஒரே ஆள். மாவட்டத்தில் மற்ற எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, தம்பி. பரிசு ஒன்றுதானே, ஆளும் ஒன்று, பொருத்தம் சரியாக இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள்.

மேடையில் சால்வை. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் பேசினேன். விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டால் வேகம் வரும் என்று அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு, இன்றைக்கும் இரண்டு மருந்தகத்தில் தடவுகிறார்களாம். சான்றிதழை என் சம்பந்தி கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசல்நிலைக்கு மேலே மாட்டினார். என் மகளைக் கட்டிக்கொடுத்தபோது, வால் பிடிக்கிற வீட்டுச் சம்பந்தம் என்று முகத்தைச் சுளித்த அதே மனிதர்.

வெள்ளகோவில் வந்துவிட்டதா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும். நீங்கள் உட்காருங்கள், இனிமேல்தான் விஷயம்.

காரவலசில் பொன்னாத்தாள் என்று ஒரு அம்மிணி. புருஷன் தவறி இரண்டு வருடம். குழந்தை குட்டி இல்லை. ஒரு மயிலைப் பசு, அதுதான் வீட்டில் இன்னோர் உயிர். அதனோடுதான் பேசுவாள். சோறு ஆக்கினால் முதல் கவளம் அதற்கு. பக்கத்துத் தோட்டம் அவள் புருஷனுடைய அண்ணன் பொங்கியண்ணனுடையது. நடுவில் ஒரு கிளுவை வேலி. ஒருநாள் அவள் காட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் பசு இவள் கட்டுத்தரையில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இவளைப் பார்த்துக் கத்துகிறது. போய்க் கேட்டால் பொங்கியண்ணன் ஓர் அட்டையை நீட்டியிருக்கிறான். மாட்டுக்காரர்: பொங்கியண்ணன். தம்பி உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கொடுத்துவிட்டான், இப்போதுதான் எழுத்தில் ஏறியிருக்கிறது என்கிறான். அடுத்த திங்கள் மாட்டுச் சந்தை. சந்தைக்குப் போய்விட்டால் பசு எந்த ஊர் போய்ச் சேருமோ, யார் கண்டது.

பொன்னாத்தாள் நேராக மருந்தகத்துக்கு வந்தாள். மாடு பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நிற்கிறார்கள். இரண்டு அட்டையையும் மேசைமேல் வைத்தாள். அவளுடைய பழைய அட்டை, பொங்கியண்ணனுடைய புது அட்டையின் நகல். இரண்டிலும் அடியில் என் பெயர்.

"ஏனுங்ணா, எம்பட மாட்ட ஏனுங் அவங்களுக்கு எழுதிக் குடுத்தீங்?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாக, பால் ஏன் திரிந்தது என்று கேட்கிற மாதிரி கேட்டாள். நான் எழுதவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பத்துப் பேர் நிற்கிறார்கள், தம்பி. பத்துப் பேர் வீட்டிலும் என் பெயர் போட்ட அட்டை இருக்கிறது. ஒன்றை நான் எழுதவில்லை என்றால் மற்றதெல்லாம் யார் எழுதியது? அவர்கள் நம்பிக்கை கெட்டுவிடக் கூடாது என்று, "பாக்கறேன் அம்மிணி" என்று மட்டும் சொன்னேன். என் பெருந்தன்மை அப்படி.

அவள் அதோடு விடவில்லை, உதவி இயக்குநருக்கு மனு கொடுத்துவிட்டாள். சந்தைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, மாசிலாமணி சார் ஜீப்பில் வந்து இறங்கினார். விசாரணை மருந்தகத்து முற்றத்தில், வேப்பமரத்தடியில். வில்லை எண்ணைப் பார்க்க வேண்டும் என்று பசுவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பொங்கியண்ணன் அதை நடத்திக்கொண்டு வந்து மரத்தில் கட்டினான்.

சார் இரண்டு அட்டையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பதிவு வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு மாறியிருக்கு. மாத்தினது நீங்க. காகிதமெல்லாம் பார்த்து நீங்க மாத்தியிருந்தா, அது நிக்கும். நீங்க மாத்தலைன்னா, யாரோ சரிபார்க்காம மாத்தினதுன்னு அர்த்தம். செல்லாது, பழைய பேருக்கே திருப்பணும். சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பொங்கியண்ணன் எழுந்துவிட்டான்.

"அதென்னங் சார், அவரப் போயி கேக்கறீங். சென்னியப்பண்ணன் கைபட்டு ஒரு தப்பு வருமுங்களா? இந்த மாவட்டத்துலயே மொதல் ஆளுங். சால்வ போத்தியிருக்கறாங். அவரு எழுதுனதத் தப்புன்னா, சால்வ போத்துனவங்களத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்."

என்ன பேச்சு பாருங்கள். அவன் அயோக்கியன்தான், ஆனால் மனிதர்களை எடைபோடத் தெரிந்த அயோக்கியன். டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நீயே சொல் என்கிற பார்வை.

"நான்தானுங் சார் மாத்துனது" என்றேன்.

ஆமாம், சொன்னேன். முகத்தைத் திருப்பாதீர்கள். அந்தச் சால்வையின் சரிகை இன்னும் தோளில் குத்திக்கொண்டிருந்தது எனக்கு. "காகிதம் பாத்தீங்களா?" என்றார் சார். பார்த்தேன் என்றேன். என்ன காகிதம் என்றார். பச்சை மை, வலது மூலையில் மடிப்பு, ஒரு காபிக்கறை என்று வரிசையாகச் சொன்னேன். எனக்கே அந்தக் காகிதம் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. சார் எழுதிக்கொண்டார்.

பொன்னாத்தாள் அழவில்லை. எழுந்து பசுவிடம் போனாள். கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தலைக்கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் பொங்கியண்ணன்.

"மாடு உங்களுதுன்னு எழுதியாச்சுங்களே மச்சாண்டாரே. மாட்டப் புடிச்சுட்டுப் போங். கவுறு எம்பட கவுறு. கவுற ஆராச்சும் குடுப்பாங்களா? நீங்க வேற கவுறு கொண்டாந்து கட்டுங்."

தம்பி, நீங்கள் பட்டணத்து ஆள், உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும், கொடுத்தாலும், தானமே செய்தாலும், கயிற்றை மட்டும் கொடுக்க மாட்டார்கள். மாடு போகும், கயிறு வீட்டில் தங்கும். வாங்குகிறவன் தன் கயிற்றோடு வர வேண்டும். அப்போதுதான் கட்டுத்தரை வெறிச்சோடாமல் அடுத்த மாடு வந்து சேரும். அவள் அவிழ்த்துக்கொண்டிருந்தது அவள் கையால் திரித்த கயிறு. நுனியில் அவள் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அவள் புருஷன் அந்த மாட்டைக் கொடுத்திருந்தால் அந்தக் கயிறு அதன் தலையில் ஏன் இருக்கிறது?

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கயிறு தெரியும்.

"சார்" என்றேன். "அந்த எழுத்த நிறுத்துங். நான் மாத்துலீங்."

"இப்பத்தானே மாத்தினேன்னு சொன்னீங்க?"

"சொன்னனுங். பொய்யிங். வியாழக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு நான் மாட்டு வாலப் புடிச்சுட்டு இருந்தனுங்."

"யார் மாட்டு வாலை?"

"இவரு மாட்டு வாலத்தானுங்" என்று பொங்கியண்ணனைக் காட்டினேன். "இவரு கட்டுத்தரைல, இவரு காரி மாட்டுக்கு டாக்டரம்மா சினை ஊசி போட்டாங். பதினொண்ணு இருவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் அந்த மாடு ஒரு நெலைல நிக்குல. இவருதான் ஊசிச் சீட்டுல நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கறாரு. வேணும்னா கேளுங், என்ற கை எங்க இருந்துதுன்னு."

டாக்டரம்மா உள்ளே போய்ச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சீட்டில் நேரம் இருந்தது, பொங்கியண்ணன் கையெழுத்து இருந்தது. சார் அவனைப் பார்த்தார். "இவர் உங்க மாட்டுக்குப் பின்னால நின்னாரா, இல்லையா?"

நின்றார் என்றால் மாற்றியது நானில்லை என்று ஆகிவிடும். இல்லை என்றால் தன் கையெழுத்தே பொய் என்று ஆகிவிடும். பொங்கியண்ணன் வேப்பமரத்தை மேலும் கீழும் பார்த்தான். கடைசியில் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்ல, "நின்னாருங்" என்றான். தன் மகன்தான் பக்கத்து ஊரில் நடந்த மாட்டுப் பதிவு முகாமுக்குப் போய்ப் பெயரை மாற்றி வாங்கி வந்தான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டான். முகாமில் அதை மாற்றிக் கொடுத்தது யார் என்று கேட்டதற்கு, யாரோ ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டிருந்தது என்றான். கம்ப்யூட்டரைக் கேட்டால் நா. சென்னியப்பன் என்கிறது. நான் கண்ணாடி போடுவதில்லை.

பிறகு சார் என் பக்கம் திரும்பினார். "அப்ப மத்த அறுபத்தோராயிரம்?"

"அதுவும் நான் இல்லீங் சார். ஒண்ணு கூட இல்லீங்."

சார் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பரிசுக்கு என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவர்தான், நினைவிருக்கட்டும். சிபாரிசு கூடாது, கணக்குதான் பேசும் என்றவர். இரண்டு தரம் இருமினார். "இன்னைக்கு விசாரணை ஒரு மாட்டைப் பத்தி. ஒரு மாட்டோட நிறுத்திக்குவோம்" என்றார். கண்டிப்பான மனிதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

டாக்டரம்மா இர்ஃபானுக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார். விவரத்தை நான் சொல்லக் கேட்டதும், "ஐயா, அது இன்னுமா அப்படியே இருக்கு?" என்றான். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுகிற சத்தம். அடுத்த வாரம் என்றவன், கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பெற்றுவிட்டான். கால் மணி நேரத்தில் சரி செய்துவிட்டான். ஒரே ஒரு வரியாம், தம்பி. என் பெயர் இருந்த இடத்தில், உள்ளே நுழைந்தவர் யாரோ அவர் பெயரை எடுத்துச் சொல் என்று எழுதிவிட்டானாம். பதினான்கு மாதக் குடித்தனத்தைக் கால் மணியில் காலி செய்துவிட்டான்.

"இப்ப மாட்டைப் பொன்னாத்தாள் பேருக்குத் திருப்பணும்" என்றார் சார். டாக்டரம்மா உட்காரப் போனார். போனவர் நின்றுவிட்டார். "சென்னியப்பன், நீங்க உக்காருங்க" என்றார். எனக்கென்று அப்போதே ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் போட்டுக் கொடுத்தார்.

உட்கார்ந்தேன். அந்த எலிப்பெட்டியைக் கையில் பிடித்தேன். திரையில் அம்பு ஓடிப்போய் மூலையில் ஒளிந்துகொண்டது. அடங்காத கிடாரிக்கன்று கூட அவ்வளவு துள்ளாது. பன்னிரண்டு இலக்க எண்ணைப் போட்டேன், ஒவ்வொன்றாக, ஒரே விரலால். விளக்கெண்ணெய் ஏதும் தடவவில்லை. பொங்கியண்ணன் பெயரை அழித்தேன். ஒவ்வொரு எழுத்து போகும்போதும் அவன் கன்னம் ஒரு தரம் துடித்தது, சத்தியமாகப் பார்த்தேன். பிறகு 'பொ'வைத் தேடினேன். தமிழில் இத்தனை எழுத்து இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பொன்னாத்தாள் என்று அடித்து முடிக்க நாற்பது நிமிடம். வேடிக்கை பார்த்தவர்கள் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். சார் மட்டும் போகவில்லை, நாற்காலியிலேயே தூங்கினார்.

அட்டை அச்சாகி வந்தது. சூடாக இருந்தது. பொன்னாத்தாள் கையில் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடியில் வந்து நின்றாள். கடைசியாக மாற்றியவர்: நா. சென்னியப்பன்.

"இதுலயும் உங்க பேருதானுங்ணா போட்டிருக்குது" என்றாள். "இத எப்படீங் நம்பறது?"

சிரிக்காதீர்கள், தம்பி. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்தோராயிரம் தடவை நான் செய்யாததற்கு என் பெயர் வந்தபோது எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை நானே உட்கார்ந்து செய்திருக்கிறேன், அதே பெயர், அதே புள்ளி. எப்படி நம்புவாள்? விரலைக் காட்டினேன். நுனி சிவந்து வீங்கியிருந்தது.

அவள் விரலைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். அவிழ்த்த கயிற்றைத் திரும்பப் பசுவின் தலையில் போட்டு முடிச்சை இறுக்கினாள். "வாலப் புடிக்கறதே உங்களுக்கு நல்லா வருதுங்ணா" என்று சொல்லிவிட்டு நடத்திக்கொண்டு போனாள். பசு என்னைத் திரும்பிப் பார்த்து, நல்லது என்று ஒரு சொல் சொன்னது. சரி, சரி, சொல்லவில்லை. ஆனால் சொல்லுகிற மாதிரி வாயை வைத்தது.

அவ்வளவுதான். சந்தைக்கு மாடு போகவில்லை. ஐந்து மாதத்தில் நான் ஓய்வு பெற்றேன். இன்றைக்கும் எத்தனை மாடு பதிவு செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், அறுபத்தோராயிரத்து நானூற்று எண்பத்து மூன்று என்று சொல்வேன். ஒன்று கூடியிருக்கிறது பாருங்கள். நேர்மையான மனிதன் அதை விட்டுவிட முடியுமா?

தென்னிலை தாண்டியாயிற்று, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்கிறவர்களிடம் அவசியம் சொல்லுங்கள். ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். சாருக்கு இன்னும் நான்கு வருடம் உத்தியோகம் இருக்கிறது. என் சம்பந்தி வேறு கரூர் நிறுத்தத்தில் வந்து காத்திருப்பார். சான்றிதழை நேற்றுக்கூடத் துணி போட்டுத் துடைத்தாராம். ஒருவேளை யாராவது விடாப்பிடியாகக் கேட்டால் உங்கள் பெயரையே சொல்லிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஊரார் வேலைக்கெல்லாம் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். என் வேலை ஒன்றுக்கு யாராவது பெயர் போட்டுக்கொண்டு போகட்டும்.